பூனைக்குட்டியை வதைக்கும் மகன்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 11 வயது, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்குக் கீழே ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. போன மாதம் எங்கள் பிளாட்டுக்குக் கீழே திரியும் பூனைக்குட்டியின் வாலில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிட்டிருக்கிறான். மறுநாள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி பார்த்துத்தான் அவிழ்த்தார். அதற்கு முன் இரண்டு முறை பின்படிக்கட்டில் தாள்களைக் கொளுத்தியிருக்கிறான். ஆறு வயதில் நின்றுபோன படுக்கை நனைப்பு எட்டு மாதமாகத் திரும்பவும் வந்துவிட்டது. போனில் எந்நேரமும் தொடர்கொலையாளிகளைப் பற்றிய வீடியோதான். பிராணி வதை, தீ வைப்பு, படுக்கை நனைப்பு மூன்றும் சேர்ந்த பிள்ளை பிற்காலத்தில் கொலைகாரன் ஆவான் என்று என் நாத்தனார் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி அனுப்பினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கணவர் ரோத்தான் பிரம்பால் அடித்துப் பார்த்துவிட்டார், பலனில்லை. வீட்டில் வேறு பிரச்சினை கிடையாது. தைப்பூசம் முடிந்த கையோடு கணவரின் அண்ணன் மகன், 17 வயது, வேலைக்காக எங்களோடு வந்து தங்கினான். மகனின் அறையில்தான் படுக்கிறான். விளையாட்டாக இவன் கழுத்தைப் பிடித்து நெரிப்பானே தவிர, சாதுவான பையன். மனநல மருத்துவரிடம் போனால் என் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடுமா?
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம் போங்கள், அதனால் பிள்ளையின் எதிர்காலம் கெடாது. ஆனால் எதை நினைத்து நீங்கள் தூக்கம் கெட்டிருக்கிறீர்களோ, அதைவிடப் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தப் புலனச் செய்தியை முடித்துவிடுவோம். அது மண்டைக்குள் இருக்கும்வரை வேறு எது சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

அந்த 'மூன்று அறிகுறி' கணக்கு 1963-ல் வந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர், மருத்துவமனைக்கு வந்த 100 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த நூறு பேரும் கொலை செய்தவர்கள் அல்லர். யாரையோ கொல்லப்போவதாக மிரட்டியவர்கள். அவர்களில் மிகக் குரூரமானவர்களின் சிறுவயதில் படுக்கை நனைப்பு, தீ வைப்பு, பிராணி வதை மூன்றும் சேர்ந்து தென்பட்டதாகக் குறிப்பிட்டார். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண ஆட்கள் யாரையும் அவர் சேர்க்கவில்லை. பிற்பாடு அவரே மறுபடி ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. ஆனால் அதற்குள் விஷயம் கைமாறிப் போய்விட்டது. 1966-ல் 84 கைதிகளை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. பிறகு எஃப்பிஐ அதிகாரிகள் சிறையில் இருந்த 36 பாலியல் கொலைக் குற்றவாளிகளிடம் பேசிச் சேகரித்த விவரங்கள் 1988-ல் வெளிவந்தபோது, அது ஏதோ நிரூபணமான விதி போலவே ஆகிவிட்டது. அந்த 36 பேர் பேசச் சம்மதித்தவர்கள் மட்டும்தான். அவர்களில் சிலர் தொடர்கொலையாளிகளே அல்லர்.

கொலைகாரனைப் பிடித்துவைத்து அவன் சிறுவயதைத் தோண்டினால் ஏதாவது அகப்படத்தான் செய்யும். படுக்கையை நனைத்து, தீப்பெட்டியோடு விளையாடி, பிறகு ஒழுங்காக வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகளை யாரும் போய்ப் பேட்டி எடுப்பதில்லை. ஒரு பேச்சுக்கு, லட்சம் பிள்ளைகளில் ஒருவன் பின்னாளில் அப்படி ஆவான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்லும் ஒரு சோதனையும் நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது). அந்தச் சோதனைகூட அந்த ஒருவனோடு சேர்த்து ஏறக்குறைய 5,000 அப்பாவிப் பிள்ளைகளையும் 'ஆபத்து' என்று முத்திரை குத்திவிடும். அவ்வளவு அரிதான ஒன்றை முன்கூட்டிச் சொல்ல முடியாததற்கு இந்தக் கணக்குதான் காரணம். மருத்துவரின் திறமைக் குறைவு அல்ல.

தொடர்கொலையாளிகளைப் பற்றி ஓரளவு உறுதியாகத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகன் பார்க்கும் வீடியோக்கள் இதைச் சொல்லாது. 2005-ல் எஃப்பிஐ சான் அந்தோனியோ நகரில் இந்தத் துறை நிபுணர்களைக் கூட்டிப் பேச வைத்தது. தொடர்கொலையாளி உருவாக ஒற்றைக் காரணம் என்று எதுவும் இல்லை, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மாதிரியும் இல்லை என்பதுதான் அங்கே வந்த முடிவு. காமம், கோபம், பணம், கிளர்ச்சி என்று நோக்கமே ஆளுக்கு ஆள் மாறுகிறது. அமெரிக்கத் தொடர்கொலையாளி எட்மண்ட் கெம்பர் சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பூனைகளைக் கொன்றவன், அது உண்மை. இங்கிலாந்தில் 215 நோயாளிகளைக் கொன்றதாக விசாரணைக் குழு கண்டறிந்த ஹரால்டு ஷிப்மேனோ ஊர் மெச்சிய குடும்ப டாக்டர். நாத்தனாரின் பட்டியலை வைத்துத் தேடியிருந்தால் அந்த ஆளை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, மூன்றுக்கும் அர்த்தமே இல்லையா? இருக்கிறது. இன்று இத்துறையில் இருப்பவர்கள் அதைப் பெரும்பாலும் இப்படித்தான் வாசிக்கிறார்கள்: இந்த மூன்றும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்து வந்தால், அந்தப் பிள்ளைக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கிறதா என்று பார். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை, வீட்டுச் சண்டை, பள்ளியில் பகடிவதை, இவற்றில் ஏதாவது ஒன்று பின்னால் இருக்கலாம். ஆறு வயதில் காய்ந்துபோன படுக்கை 11 வயதில் திரும்ப நனையத் தொடங்கினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எப்போதிலிருந்து?' என்பது. நீங்கள் எட்டு மாதம் என்கிறீர்கள். தைப்பூசத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பையன் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதத்தை வைத்து யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. இடம் மாறியதும், அறை பகிர்ந்ததும், உறக்கம் கெட்டதும்கூடப் போதும், படுக்கை நனைய. ஆனால் 'விளையாட்டாகக் கழுத்தை நெரிப்பான்' என்பதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கழுத்தின் இரண்டு பக்கமும் அழுந்தினால் சில வினாடிகளிலேயே நினைவு தப்பும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே வீக்கம் வரலாம், அதுவும் சில மணி நேரம் கழித்து. வன்முறை முற்றுவதற்கான அறிகுறிகளில் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் ஒன்றும் இதுதான். கணவன்–மனைவி வன்முறையில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுதல் என்று 2008-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்கு தம்பதிகளைப் பற்றியது, பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் படுக்கை நனைப்பைக் கண்டு நடுங்கும் நாம், கழுத்தைப் பிடிப்பதைச் சிரித்துக்கொண்டு கடந்துபோவதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. இனி அந்த விளையாட்டு வீட்டில் கிடையாது என்று இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொல்லுங்கள். எப்போதாவது குரல் கரகரத்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, கண்ணிலோ முகத்திலோ பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

இன்றிரவே படுக்கையை மாற்றுங்கள். அதற்குச் சண்டையோ விசாரணையோ வேண்டாம், காரணம் கையிலேயே இருக்கிறது: 'தம்பி ராத்திரி எழும்புகிறானா என்று டாக்டர் கவனிக்கச் சொல்லியிருக்கிறார், கொஞ்ச நாளைக்கு என்னோடு படுக்கட்டும்.' நீங்கள் கடைக்குப் போகும் நேரத்திலும், கணவர் ஷிப்ட்டில் இருக்கும் நேரத்திலும் பிள்ளைகள் இருவரும் அந்தப் பையனோடு தனியே இருக்கும்படி விடாதீர்கள். சின்னவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு மாதத்தில் படுக்கை காய ஆரம்பித்தால் அது ஒரு தகவல். காயாவிட்டாலும் தகவல்தான்.

மகனிடம் கேட்பது எப்படி என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. நடுவீட்டில் உட்கார வைத்து, அப்பா எதிரே நிற்க, 'அண்ணன் உன்னை ஏதாவது செய்தானா?' என்று கேட்டால் பிள்ளை 'இல்லை' என்றுதான் சொல்லும், அல்லது நீங்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லும். இரண்டுமே உபயோகமில்லை. காரில் போகும்போதோ, பாத்திரம் துடைக்கும்போதோ, முகத்துக்கு நேரே பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுங்கள். 'ராத்திரி அந்த அறையில் தூங்குவது எப்படி இருக்கிறது? பிடிக்காதது ஏதாவது உண்டா?' இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். ஏதாவது சொன்னால் 'அப்புறம்?' என்பதைத் தவிர வேறு கேள்வி வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. அவன் சொன்ன வார்த்தையை அப்படியே, உங்கள் விளக்கம் சேர்க்காமல், தேதியோடு எழுதி வையுங்கள். மறுபடி மறுபடி கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவன் நினைவில் உங்கள் வார்த்தையும் கலந்துவிடும்.

அவன் சொல்வது அடியோ பாலியல் தொல்லையோ என்றால், அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகாதீர்கள், அவன் குடும்பத்தாரோடு பஞ்சாயத்தும் வேண்டாம். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி (One Stop Crisis Centre, நெருக்கடி உதவி மையம்) என்று கேளுங்கள். பரிசோதனை, போலீஸ் புகார், சமூக நல இலாகா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. பாலியல் விஷயம் என்றால் அவன் போட்டிருந்த துணியைத் துவைக்காமல் கொண்டு போங்கள். வழி தெரியாவிட்டால் தாலியான் காசே உதவி எண் 15999, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். மலேசியாவின் 2001 சிறார் சட்டப்படி, பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால் அதிகாரிகளுக்குச் சொல்வது குடும்பத்தாரின் கடமை. உறவு முறிந்துவிடுமே என்று மூடி மறைத்தால் அந்தச் சட்டம் உங்களையும் கேட்கும்.

எதுவுமே இல்லை என்று தெளிவானாலும் பூனை விஷயத்தைத் தள்ளிவிட முடியாது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், 'செய்தானா இல்லையா' என்பதைவிட 'எப்படிச் செய்தான்' என்பதில்தான் விவரம் இருக்கிறது. ரப்பர் பேண்டு கல்லெறிவதைப் போல ஒரு நொடியில் முடிகிற காரியம் அல்ல. ரத்த ஓட்டம் நின்று வால் செத்துப்போக நேரம் எடுக்கும். சுற்றிவிட்டு மறந்துபோனானா, அல்லது திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்த்தானா? தனியாகச் செய்தானா, கூட்டாளிகள் சிரிக்க வேண்டும் என்று செய்தானா? குட்டி கத்தியபோது என்ன செய்தான்? அது வேறு எங்காவது பார்த்த காரியமா? இதே பேண்டை அவன் விரலில் யாராவது சுற்றி விளையாடியதுண்டா? கடைசிக் கேள்வியைச் சிரிக்காமல் கேளுங்கள். தனக்கு நடந்ததைத் தன்னைவிடச் சின்னதிடம் செய்து பார்க்கும் பிள்ளைகள் நிறைய.

பிடிபட்டபோது அவன் முகம் எப்படி இருந்தது என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். அடிக்குப் பயந்த முகமா, குட்டியை நினைத்து வருந்திய முகமா, ஒன்றுமே காட்டாத முகமா? எங்கள் துறையில் சுடுகோபம், குளிர்வன்மம் என்று வன்முறையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். முதல் வகைப் பிள்ளை சீண்டப்பட்டதும் வெடிப்பான், முகம் சிவக்கும், பிறகு அழுவான். இரண்டாவது வகைப் பிள்ளை அமைதியாக இருப்பான், ஒரு லாபத்துக்காகவோ ரசனைக்காகவோ செய்வான். அடுத்தவர் வலி உள்ளே தைக்காத இந்த இரண்டாவது தன்மைதான் கூடுதல் கவனம் கேட்கும். குற்றவுணர்வே இல்லாமை, இரக்கமின்மை, படிப்பு உட்பட எதிலும் தன் நிலை பற்றி அக்கறையின்மை, உணர்ச்சி மேலோட்டமாக இருப்பது என நான்கு அம்சங்களைப் பார்ப்போம். இவற்றில் குறைந்தது இரண்டு, ஓராண்டாவது, வீடு பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொடர்ந்து தெரிந்தால்தான் அதைக் கணக்கில் எடுப்போம். ஒரு நாள் முகம் காட்டாமல் நின்றான் என்பதற்காக அல்ல. பயந்து உறைந்துபோன பிள்ளையும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

நடத்தைக் கோளாறு என்று மருத்துவர் எழுதுவதற்கும் அளவுகோல் உண்டு. 15 நடத்தைகள் கொண்ட பட்டியலில் குறைந்தது மூன்று கடந்த 12 மாதங்களில் இருந்திருக்க வேண்டும், அவற்றில் குறைந்தது ஒன்று கடந்த ஆறு மாதங்களில். பிராணி வதை அதில் ஒன்று. தீ வைப்பும் உண்டு, ஆனால் பெரிய சேதம் விளைவிக்கும் எண்ணத்தோடு வைத்திருக்க வேண்டும். படிக்கட்டில் தாள் கொளுத்துவது தானாக அதில் சேராது. படுக்கை நனைப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. 'சைக்கோபாத்' என்று வீடியோக்கள் வாய் கூசாமல் சொல்கிறதே, அதற்கான, கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேரின் அளவீடு 20 அம்சங்களுக்கு 40 மதிப்பெண் போடுவது, பெரியவர்களுக்கானது, பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று 18 வயதுக்கு முன்னால் யாருக்கும் எழுதவே கூடாது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73-ல் பிறந்த 1,037 பிள்ளைகளை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. சிறுவயதில் தொடங்கி ஆயுள் முழுக்கத் தொல்லை கொடுப்பவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். வழியில் திரும்பியவர்களே அதிகம்.

உங்கள் கணவரிடம் ரோத்தானைப் பற்றி நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சுடுகோபக்காரப் பிள்ளைக்கு அடி எண்ணெய் ஊற்றுவதுதான். இரக்கம் குறைவான பிள்ளைக்கோ அடி உறைப்பதே இல்லை. அவன் கற்றுக்கொள்வது அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் செய்வதை. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம்கூடப் பாராட்டும் வெகுமதியும் வேலை செய்கிறது, வீட்டில் கிடைக்கும் பாசம் அந்தக் கடுமையைக் காலப்போக்கில் குறைக்கிறது. இது சும்மா ஆறுதலுக்குச் சொல்வது அல்ல, பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அடிக்குப் பதிலாகத் தவறோடு ஒட்டிய விளைவைக் கொடுங்கள். அந்தக் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வால் நுனி கறுத்துச் சில்லிட்டுக் கிடந்தால் உடனே. செலவில் ஒரு பங்கு மகனின் உண்டியலில் இருந்து வரட்டும், கூடவே அவனையும் கூட்டிப் போங்கள், மருத்துவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தினமும் சோறு வைக்கும் வேலையை அவனிடம் கொடுக்கலாம், நீங்கள் கூட நிற்க வேண்டும். இப்போதைக்கு எந்தப் பிராணியோடும் அவனைத் தனியே விடாதீர்கள். 2015 பிராணி நல்வாழ்வுச் சட்டத்தில் வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் இருப்பது உண்மைதான். ஆனால் 'போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்' என்று அதைச் சொல்லி மிரட்டினால் அவன் இன்னும் ஒளிக்கத்தான் பழகுவான்.

நெருப்பு விஷயத்தில் தத்துவம் குறைவு, வீட்டு வேலை அதிகம். நம் வீடுகளில் சாமி மேடையில் தீப்பெட்டியும் சூடமும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றைப் பூட்டும் அலமாரிக்கு மாற்றுங்கள். லைட்டர் எத்தனை என்று எண்ணி வையுங்கள், அந்தப் பெரிய பையன் சிகரெட் பிடிப்பவனாக இருந்தால் அவனுடையதையும் சேர்த்து. பின்படிக்கட்டில் பழைய பேப்பர், அட்டை எதுவும் கிடக்க வேண்டாம். பிளாட்டில் படிக்கட்டில் பிடிக்கும் தீ என்பது மேல்மாடிக்காரர்களின் வெளியேறும் வழியை அடைப்பது. பிறகு, அவன் எரித்த தாள் யாருடையது என்று பாருங்கள். கையில் கிடைத்த பழைய பேப்பர் என்றால் அநேகமாக ஆர்வக் கோளாறு. தன் பரீட்சைத் தாள், இன்னொருவரின் பொருள் என்றால் அது கோபம், அந்தக் கோபம் யார் மேல் என்று தேட வேண்டும். தானே அணைத்தானா, ஓடிப்போனானா, நின்று பார்த்தானா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படுக்கை நனைப்புக்கு முதல் வேலை அரசு கிளினிக்கில் சிறுநீர்ச் சோதனையும் சர்க்கரைச் சோதனையும். ஆறு மாதமாவது காய்ந்திருந்து திரும்ப வந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழிவு எல்லாவற்றையும் பார்த்துத் தள்ள வேண்டும். கூடவே அடங்காத தாகமும் எடை குறைவும் இருந்தால் அன்றைக்கே போங்கள். ஒரு நாளைக்கு 1.4 முதல் 2.3 லிட்டர் வரை குடிக்கட்டும், ஆனால் பெரும்பங்கு மாலைக்குள் முடியட்டும். ராத்திரி மைலோ, தே தாரிக், கோலா வேண்டாம். திட்டுவதும், நனைந்த பாயை மாடிச் சுவரில் எல்லாரும் பார்க்கக் காயப் போடுவதும் நிற்க வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள், அது பல வீடுகளில் நடக்கிறது. ஏழு வயதில் பத்தில் ஒரு பிள்ளை வரை படுக்கையை நனைக்கிறது, பாதிக்கு மேல் வம்சவழி.

வீடியோ பார்ப்பது அறிகுறி அல்ல. பயமான விஷயத்தைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு, நம் பாட்டிமார் பேய்க்கதை சொன்னதும் அதற்குத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும். நீங்களும் ஒரு வீடியோவை அவனோடு உட்கார்ந்து பாருங்கள், 'செத்துப்போனவங்க பேர் என்ன?' என்று கேளுங்கள். கொலைகாரனின் பெயர் மட்டும் நினைவிருந்தால் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. ஒரு குறிப்பிட்ட ஆளை, ஒரு குறிப்பிட்ட விதத்தில், எப்போது செய்யப்போகிறேன் என்று சொல்வது அல்லது எழுதுவது. கத்தியை எடுத்து ஒளித்து வைப்பது. ஒருவர் மேல் தீராத வஞ்சம், அதையே பேச்செல்லாம் சுற்றிவருவது. தங்கையைத் தனியே கூட்டிப் போய் வலிக்கச் செய்வது, பாலியல் தொனியுள்ள பலவந்தம். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போவது. அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்த அறிக்கை 2002-ல் வந்தது. தாக்கியவர்களுக்கு ஒரே மாதிரியான குணமோ பின்னணியோ இல்லை, ஆனால் ஐந்தில் நான்கு சம்பவங்களில் யாராவது ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, பெரும்பாலும் கூட்டாளிக்கு. தாக்கியவர்களில் முக்கால்வாசிக்கு மேல் தற்கொலை எண்ணம் கொண்டிருந்தவர்கள். அதனால் மகனிடம் 'செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால், அல்லது மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தால், தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

அப்படி அவசரம் இல்லாவிட்டால் வழி இதுதான். முதலில் பக்கத்து அரசு கிளினிக், கட்டணம் 1 ரிங்கிட். அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தேதி கிடைக்க வாரக்கணக்கு ஆகலாம், அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, அதற்கு முன் அரை மணி நேரத்தில் நடந்தது, அவன் செய்தது, பிறகு யார் என்ன செய்தார்கள் என்று நான்கு வரி போதும். நனைந்த இரவு, அடி வாங்கிய நாள், கணவரின் இரவு ஷிப்ட், பெரிய பையன் வீட்டில் இருந்த நாள் எல்லாவற்றையும் அதிலேயே குறியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். முதல் சந்திப்பில் மருத்துவர் கேட்கப்போவதில் பாதி அதில் இருக்கும். கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகையாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதைச் சரியாகப் பார்த்தாலே சில பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறையும். இரக்கம் வரவழைக்கும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. சிகிச்சை என்பது பெரும்பாலும் பெற்றோருக்கான பயிற்சி, பொதுவாக 10 முதல் 16 அமர்வுகள், கணவரும் வர வேண்டும். மகனுக்கு ஏதாவது நடந்திருப்பது தெரியவந்தால் அதற்கான சிகிச்சை தனி, அதுதான் முன்னால் வரும்.

பள்ளிக்கு எவ்வளவு சொல்வது என்றும் யோசிப்பீர்கள். மருத்துவமனைக் குறிப்பு பள்ளிச் சான்றிதழில் ஏறாது, வகுப்பு ஆசிரியருக்கு நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் வகுப்பு ஆசிரியரிடம், இரண்டே கேள்வி கேளுங்கள்: ஓய்வு நேரத்தில் அவன் யாரோடு இருக்கிறான், யாரைக் கண்டால் ஒதுங்குகிறான்? பூனை, நெருப்பு, அந்தப் புலனச் செய்தி எதையும் அங்கே சொல்ல வேண்டாம். ஆசிரியர் அறையில் ஒருமுறை 'அந்தப் பையன்' என்று பெயர் விழுந்துவிட்டால், ஆறாம் ஆண்டு முடியும்வரை அவன் செய்யாததற்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.